மஞ்சள் வைத்த பிளான்

சுந்தரராஜுலு வீட்டுப் பிளான் வரைகிறவர் என்றுதான் அவர் தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர் பிழைப்பே வரைந்ததைத் திருத்துவதுதான். ஆர்.எஸ்.புரத்தில் இன்ஜினியர் நஞ்சுண்டன் ஆபீசில் ஒரு வீட்டுக்கு நாலு தடவை பிளான் மாறும். ஜன்னல் நகரும், மாடிப்படி திரும்பும், வீட்டம்மா கனவு கண்டால் பூஜை அறை இடம் பெயரும். சுந்தரராஜுலு பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு இழுத்து, ஓரத்தில் எத்தனையாவது திருத்தம் என்று தேதியோடு எழுதுவார். அப்புறம்தான் முக்கியமான வேலை. புதுப் பிரிண்டைக் கட்டிடம் நடக்கும் இடத்தில் கொடுத்து, பழையதைக் கையோடு வாங்கிக் கிழித்துப்போட்டு, நோட்டில் ‘பழையது வாங்கியாச்சு’ என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு தாள் தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது?

1958இல் அவிநாசி ரோட்டில் ஒரு மில் முதலாளியின் பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. முதல் பிளானில் போர்ட்டிகோவுக்கு முன்னால் இரண்டு தூண்கள். கார் திரும்ப இடைஞ்சல் என்று முதலாளி தூணை எடுக்கச் சொல்லிவிட்டார். தூண் இல்லாமல் கூரை அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், கனத்தைக் கூட்டி, அடியில் போடுகிற கம்பியை மேல்பக்கம் போட வேண்டும். சுந்தரராஜுலு எல்லாவற்றையும் மாற்றி எழுதி சைக்கிளில் கொண்டுபோனார்.

மேஸ்திரி செங்கோடன் புதுசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழையதைத் தரத்தான் மனசு வரவில்லை. பூமி பூஜையன்று அதன் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்துச் சூடம் காட்டியிருந்தார்கள்.

“ஏனுங்க, சாமி முன்னால வெச்ச பிளானுங்க. இதைக் கிழிச்சா ஊடு விளங்குமுங்களா? குடி போற வரைக்கும் கொட்டாயிலயே இருக்கட்டுமுங்க.”

சுந்தரராஜுலுவும் சாமி கும்பிடுகிறவர்தானே, கை கூசியது. சரி என்று விட்டுவிட்டு வந்தவர், நோட்டில் மட்டும் வழக்கம்போலவே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூரை போடும் நாளில் செங்கோடன் விரித்தது மஞ்சள் வைத்த பிளானை. சாமி பார்த்த காகிதம் இருக்க, பார்க்காததை நம்பி அவர் எப்படிக் கை வைப்பார்? தூண் வேண்டாம் என்பது முதலாளி வாயாலேயே கேட்டது, அதனால் நினைவிருந்தது. கம்பியும் இடம் மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து முட்டுப் பலகைகளைப் பிரித்தபோது கூரை மடிந்து விழுந்தது. அடியில் பலகை பொறுக்கிக்கொண்டிருந்த சித்தாள் காளியாத்தாள் அங்கேயே செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது.

சுந்தரராஜுலு ஓடிப்போய், பழைய பிளானை வாங்காமல் விட்டு வந்ததை இன்ஜினியரிடம் சொன்னார். நஞ்சுண்டன் எழுந்து கதவைச் சாத்தினார்.

“பழசு வாங்கியாச்சுன்னு நோட்டுல இருக்குதுங்க. மேஸ்திரி தன் இஷ்டத்துக்குக் கட்டிப்போட்டான், அவ்வளவுதான். போலீஸ்லயும் அதையே சொல்லுங்க. இல்லீன்னா நீங்களும் நானும் உள்ள போகோணும்.”

சுந்தரராஜுலு அதையே சொன்னார். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். காரணம்தான், நியாயம் ஆகாது. செங்கோடன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சாட்சி விசாரணையே நடக்கவில்லை. எட்டு மாசம் ஜெயில்.

வெளியே வந்த மறுவாரம் செங்கோடன் சுந்தரராஜுலு வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“உங்க பேரை நான் சொல்லலீங்க. உங்களுக்குத் தெரியாம நானே பழசை எடுத்து வெச்சுக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துப்போட்டேன். நான் கெஞ்சுனதுக்குத்தானுங்க நீங்க உட்டுட்டுப் போனீங்க? பொண்ணு புள்ளைக வெச்சிருக்கறவரு, உங்களை எதுக்குங்க இழுத்து உடறது? நீங்களும் ஸ்டேசன்ல என்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருப்பீங்க.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரராஜுலு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“எனக்குத் தெரியுமுங்க” என்று செங்கோடன் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.