நகரி மலையடிவாரத்தில் ஒரு ஸ்காட்லாந்து மாளிகை

காலை ஆறேகாலுக்கு மதராஸ் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். அரக்கோணத்தில் வண்டி மாறித் திருத்தணியைத் தாண்டி ஏகாம்பரகுப்பத்தில் இறங்கியபோது மணி பத்தே முக்கால். கையில் நூறடி டேப், வரைதாள் சுருள், முதலாளி கொடுத்தனுப்பிய பழைய வரைபடம் ஒன்று. மதராஸில் ஒரு கட்டடக் கலைஞரிடம் படம் வரைபவனாக வேலை பார்க்கிறேன். ஐந்து மைல் தள்ளி இருக்கும் ஒரு ஜமீன் மாளிகையை அளந்து வரவேண்டும். ஜமீன்கள் போய்விட்ட பிறகு, மதராஸில் குடியேறிவிட்ட வாரிசு அதை விற்கப் பார்க்கிறார். வாங்குகிறவர் கல்லுக்கும் மரத்துக்கும் ஆசைப்படுபவர். வாங்கியதும் பிரித்துவிடுவார் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆந்திரத்துக்கும் மதராஸுக்கும் இடையே எல்லை எங்கே விழும் என்று முடிவாகாத சமயம் அது. ஜட்காக்காரர் முனுசாமி ஒன்றரை ரூபாய் கேட்டார். என் டேப்பைப் பார்த்ததும் ஒன்றேகாலுக்கு இறங்கினார். ஏன் இறங்கினார் என்று அரை மைல் போன பிறகுதான் விளங்கியது.

"சார், எங்க ஊர எந்தப் பக்கம் வெக்கப் போறீங்க? புள்ள தெலுங்கு ஸ்கூல்ல படிச்சிக்கினு கீறான். மாத்தணும்னா இப்பவே மாத்திடுவேன்" என்றார்.

நான் எல்லை அதிகாரி இல்லை, வீடு அளக்க வந்தவன் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார், நம்பவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது ஒருவர் தெலுங்கில் வணக்கம் சொல்லி ஒரு மனுவை நீட்டினார். இன்னொருவர் தமிழில் அதற்கு நேர்மாறான மனுவை நீட்டினார். இரண்டையும் வாங்க மறுத்து, இருவரின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டேன். நான் யாரென்று எனக்கே கொஞ்சம் குழம்பிப் போயிற்று.

பகல் பன்னிரண்டு மணி. கரும்புத் தோட்டத்தைச் சுற்றித் திரும்பியதும் மாளிகை தெரிந்தது. சாம்பல் நிறக் கருங்கல்லில் மூன்று மாடி. முன்மூலைகள் இரண்டிலும் உருண்டைக் கோபுரங்கள், மேலே கூம்புத் தொப்பிகள். பக்கச் சுவர்களின் உச்சி படிப்படியாக ஏறி இறங்கியது. பின்னால் நகரி மலை. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றன.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் கதவைத் திறந்துவிட்டார். பெயர் தாயாரம்மா. சாவி பார்த்துக்கொள்பவர் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு அச்சுப்படம் தொங்கியது. ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு பிரபுவின் கிராமத்து மாளிகை. தற்போதைய வாரிசின் கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டைக் கட்டினார்களாம். அந்த நாட்டில் கூரை சரிவது பனி வழிந்து விழ. மூலைக் கோபுரங்கள் எதிரிகளைப் பார்க்க. ஜன்னல்கள் சிறுத்திருப்பது குளிரைத் தடுக்க. இங்கே பனியும் இல்லை, எதிரியும் இல்லை. சிறிய ஜன்னல்களால் பட்டப்பகலில் இருட்டுதான் மிச்சம். ஐந்தடி அகலக் கணப்பு அடுப்பில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

படத்தில் வீட்டின் முகப்பு மட்டுமே இருந்தது. பின்னால் என்ன இருக்கும் என்று இந்த ஊர்க் கொத்தர்களுக்கு எப்படித் தெரியும்? தங்களுக்குத் தெரிந்ததைக் கட்டிவிட்டார்கள். கூடத்தைத் தாண்டினால் திறந்த முற்றம், சுற்றி இருபது தேக்குத் தூண்கள், கிணறு, சமையற்கட்டு. சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துப் பூசிய சுவர்கள் கைபட்டால் வழுக்கின.

இரண்டரை மணிக்கு அளவுகளைக் கூட்டினேன். தெற்கு வடக்காக வெளியே தொண்ணூற்றாறு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் சேர்த்தால் எண்பத்தெட்டு. டேப்பைச் சந்தேகித்து மறுபடி அளந்தேன். மறுபடியும் எட்டடி குறைந்தது. பழைய வரைபடத்தில் வடக்குச் சுவர் மட்டும் பட்டையாகக் கறுப்பு மசி அடித்து, கெட்டிச் சுவராகக் காட்டப்பட்டிருந்தது. இரண்டடிச் சுவரும் காணாமல் போன எட்டடியுமாகப் பத்தடிக் கனத்தில் எவன் சுவர் வைப்பான்?

தாயாரம்மாவிடம் கேட்டேன். அவர் சமையற்கட்டுக்குள் போய், நெல் குதிருக்குப் பின்னால் ஒரு குட்டைக் கதவைத் தள்ளினார்.

வீட்டின் நீளத்துக்கும் ஓடும் ஒரு சந்து. ஜமீன் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் நடக்க முதலில் கட்டியது. சல்லடைபோல் துளையிட்ட கல் வழியே கூடம் முழுவதும் தெரிந்தது. கோடியில் ஓர் அறை: கயிற்றுக் கட்டில், தகரப் பெட்டி, தலைப்பாகை கட்டிய ஒருவரின் புகைப்படம், அதற்குக் குங்குமம்.

"கோபுரம் ஒழுவிச்சி. அத்தப் பூச சுண்ணாம்பு அரைக்க வந்தவ நானு" என்றார். "பெரியவரு, மதராஸ்ல கீற சின்னவரோட அப்பாரு, என்னத் திருப்பதிக்கு இட்டுக்கினு போய்த் தாலி கட்டினாரு. சாட்சின்னா அந்தப் பெருமாளுதான். மதராஸ்லேந்து அவரு குடும்பம் வர்றப்பல்லாம் நான் இங்க வந்து பூந்துக்குவேன்."

அவர் சாவிக்காரி இல்லை. அந்த வீட்டுக்காரி. ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லாத வீட்டுக்காரி.

வீடு விற்கப்படுவதும் இடிபடப் போவதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சந்தும் அறையும் படத்தில் இருந்தால், வாங்குகிறவர் நேராக வந்து அவரை வெளியேற்றலாம். வரையாமல் விட்டால் அப்படி ஒருவர் இருந்ததே தெரியாமல் இடித்துவிடலாம். எது அவருக்கு நல்லது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் சொன்னேன். அவர் சுவரில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுடு தம்பி. இத்தினி வருசம் செவுராவே இருந்துட்டேன்" என்றார்.

சந்து, அறை இரண்டையும் அளந்தேன். 'தாயாரம்மா குடியிருக்கும் அறை' என்று எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினேன். எங்கே என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். நெல்லிக்காய் அகலம்கூட இல்லாத அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, எனக்கு மோர் கொண்டுவரப் போனார்.

மாலை ஆறு மணி ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. பெரம்பூரில் நான் இருப்பது இரண்டே அறை. மழை வந்தால் ஒன்றுதான். ஆனால் யார் கதவைத் தட்டினாலும் என் மனைவி உள்ளே ஓடி ஒளிய வேண்டியதில்லை.

அலுவலகத்தில் முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, பழையபடி சுவராகவே மசி அடிக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் வாரிசே முடிவு செய்யட்டும் என்று ஆள் அனுப்பினார்.

வாரிசுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். படத்தை மேஜையில் விரித்தவரின் கண் வடக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"லீவுக்குப் போறப்போ கூடத்துலதான் விளையாடுவேன்" என்றார். "சுவத்துக்குள்ள யாரோ இருமுவாங்க. பேய்னு சொல்லி என்னை அங்கேர்ந்து தூக்கிண்டு போயிடுவாங்க. அது பேய் இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். கேக்கத்தான் இல்லை."

விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அன்று பிற்பகலே ரயில் ஏறினார். போய் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து வேறு ஒரு படம் கேட்டு அவரிடமிருந்து ஆள் வந்தது: சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து அந்தச் சந்துக்கு ஆள் உயரத்தில் ஒரு வாசல், அறையின் வெளிச்சுவரில் மூன்றடிக்கு நாலடியில் ஒரு ஜன்னல். வரைந்து அனுப்பினேன்.