‘வளையம் ஒன்பது’: பதின்மூன்றாம் அங்கம்

நிஸாம் நானாவின் குரல் பதிவு வந்தபோது வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். வெளியே காலி வீதிக்கு வந்துதான் கேட்டேன். “தம்பி, ரீட்டா மிஸ் போயிட்டாங்க. இன்டைக்குக் காலையில. கொட்டாஞ்சேனை வீட்டுலதான் வெச்சிருக்காங்க. நாளைக்குப் பின்னேரம் அடக்கம், வந்துருங்க.” திரும்ப அழைத்துக் கதைக்க முயன்றேன். மருந்தில் வாய் மரத்திருந்தது, சொல் வரவில்லை. அவர்தான் அந்தப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்.

அன்று மாலையே முகநூலில் அஞ்சலிகள் தொடங்கிவிட்டன. ரீட்டா அந்தோனிப்பிள்ளை, தொலைக்காட்சித் தயாரிப்பாளர், நம் நாட்டில் தமிழில் விண்வெளித் தொடர் எடுத்தவர். எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதியிருந்தார்கள். யுத்த காலத்தில், வெட்டச் சொன்ன காட்சியை வெட்டாமல், அனுமதித்த கசெட்டை வேண்டுமென்றே மாற்றி ஒளிபரப்பிய வீரப் பெண்மணி என்று. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கதை உண்மையில்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்காவது நடந்ததைச் சொல்லவேண்டும். அந்தத் தொடரை எழுதியவன் நான்.

தொடர் தொடங்கிய விதமே ஒரு கூத்து. தமிழ் நாடகத்துக்குக் கிழமையில் அரை மணித்தியாலம்தான் கிடைக்கும். ரீட்டா அக்கா விண்வெளிக் கதை என்று விண்ணப்பித்ததும் மேலதிகாரி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்கா உள்ளே ஒரு வரியையும் மாற்றவில்லை. முன்தாளைக் கிழித்துவிட்டு ‘விஞ்ஞான அறிவூட்டல் நிகழ்ச்சி’ என்று புதிய தாள் வைத்தார். ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் இரண்டு நிமிட விஞ்ஞான விளக்கம் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு கிழமையில் அனுமதி வந்தது. விளக்கம் என் தலையில் விழுந்தது. “அக்கா, ஈர்ப்பு விசையைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது, மேல இருந்து போட்டா விழும் எண்டது மட்டும்தான்” என்றேன். “அது போதும் தம்பி. அதையே ரெண்டு நிமிசத்துக்கு எழுதுங்க” என்றார்.

சூரியன் அணைந்துபோன ஓர் உலகத்தின் சனங்கள், இன்னொரு கிரகத்தைச் சுற்றியுள்ள ஒன்பதாவது வளையத்தில் உள்ளே போக அனுமதி கேட்டுக் காத்திருக்கிறார்கள். அதுதான் கதை. வளையத்தைக் கட்டியவர் கிராண்ட்பாஸ் பகுதிக்காரரான நிஸாம் நானா. இடியப்பத் தட்டும் அலுமினியச் சட்டி மூடியும் பழைய கார்களின் பின்விளக்குகளும் அவர் கையில் விண்கலமாகிவிடும். படப்பிடிப்பும் படத்தொகுப்பும் இரத்மலானையில் ஒரு பழைய கிடங்கில் நடந்தன. பக்கத்தில் விமான நிலையம். விமானம் ஏறும்போதெல்லாம் நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். “விண்வெளியில சத்தம் இல்லையாம். எல்லாத்தையும் இரத்மலானையிலதான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாங்க” என்பார் அக்கா.

கசெட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. தமிழ் நாடகம் என்று எழுதிய பெட்டியைக் கண்டால் போதும், விளையாட்டுப் பகுதிக்காரர் எடுத்துப்போய் அதன் மேலேயே கிரிக்கெட்டைப் பதிந்துவிடுவார்கள். அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி, பெட்டியின் மேல் பொய் எழுதுவது. முதலாம் அங்கம் ‘தேர்த் திருவிழா’. இரண்டாம் அங்கம் ‘மாதா சுருவப் பவனி’. கோவில், தேவாலயப் பதிவில் கைவைக்க எந்த மதத்துக்காரனுக்கும் பயம். கசெட்டில் எதுவும் எழுதமாட்டார், பெட்டியில் மட்டும்தான். எது எந்தப் பெட்டி என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

ஒவ்வொரு அங்கத்தையும் சிங்கள மொழிபெயர்ப்போடு மேற்பார்வைக் குழுவுக்குக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு அங்கங்கள் சிக்கலில்லாமல் போயின. பதின்மூன்றாவது, கடைசி அங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். வளையத்தின் வாசலில் காவலன் ஒரு பெண்ணை மறித்துக் கேட்கிறான்: யார் நீ, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய்? நான்கு நிமிடக் காட்சி. கொழும்பில் சோதனைச் சாவடியில் நின்ற எந்தத் தமிழனுக்கும் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. குழுவுக்கும் தேவைப்படவில்லை. வெட்டு என்றார்கள்.

நான் குதித்தேன். தொடரையே நிறுத்துவோம் என்றேன். அக்கா என்னைக் கத்தவிட்டு, பிறகு சொன்னார்: “காட்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா நடிச்சவங்களில ஏழு பேர் பொலிஸ் பதிவோட லொட்ஜில இருக்கிறாங்க. நீங்களும் லொட்ஜிலதான். காட்சிக்கு மட்டும் நான் பொறுப்பெண்டா வெட்டவிடமாட்டன். ஆக்களுக்கும் நான்தானே பொறுப்பு.” தானே இருந்து வெட்டினார். முழுப் பிரதியை அழிக்க மனம் வராமல் இன்னொரு பெட்டியில் வைத்தார். இன்று வீரம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். அவர் வெட்டினார். வெட்டியது சரி என்றும் நினைத்தார்.

ஒளிபரப்பு நாளன்று கசெட்டை எடுத்துவர நான் இரத்மலானைக்குப் போனேன். கிடங்கில் வேறு ஒருவருமில்லை. என் காட்சியைக் கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று முழுப் பிரதியைப் போட்டேன். ஒருமுறையல்ல, மூன்று முறை பார்த்தேன். என் வசனத்தை நானே ரசித்துக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது, அக்கா. “தம்பி, எங்க நிக்கிறீங்க? ரோட்டெல்லாம் செக்கிங். வெளிக்கிடுங்க!” பதறிப்போய்க் கசெட்டைப் பெட்டியில் வைத்தேன். பெட்டி சரியான பெட்டிதான். உள்ளே வைத்ததுதான் மாறிவிட்டது.

ஆறரைக்கு ஒளிபரப்பு. கட்டுப்பாட்டு அறையில் அக்காவும் ரஞ்சித் என்ற சிங்களத் தம்பியும் இருந்தார்கள். நான் பின்னால் சுவரோடு நின்றேன். பத்து நிமிடம் சரியாகத்தான் போனது. பிறகு திரையில் அந்தப் பெண் மூட்டையோடு வாசலை நோக்கி நடந்து வந்தாள். வெட்டிய பிரதியில் அவள் நடந்து வரவே கூடாது. அக்கா திரையைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். ரஞ்சித்தின் கை பொத்தானுக்குப் போனது. “மிஸ், கபன்னத?” என்றான். வெட்டட்டுமா என்று. காவலன் வாயைத் திறக்க இன்னும் சில விநாடிகள்தான். “வேண்டாம்” என்று அக்கா அவனுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, தமிழில் மெதுவாகச் சொன்னார்: “இப்ப வெட்டினா வெட்டினதுதான் எல்லாருக்கும் தெரியும்.”

யார் நீ என்றான் காவலன். மேசையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எங்கிருந்து வந்தாய் என்றான். நின்று, மறுபடி அடித்தது. நான்கு நிமிடமும் அடித்தது. காட்சி முடியும்வரை அக்கா அதைத் தொடவில்லை. பிறகு என்னிடம் வந்து, “கசெட்டைத் தந்ததோட உங்கட வேலை முடிஞ்சுது. ஆர் கேட்டாலும் அவ்வளவுதான். போங்க” என்றார். அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

விசாரணைக்கு நிஸாம் நானாவையும் அழைத்திருந்தார்கள். அவர் வெளியே மர வாங்கில் இருந்தபடி கேட்டதைத்தான் எனக்குச் சொன்னார். உள்ளே மூன்று பேர் மாறி மாறிக் கேட்டபோது அக்கா, “அனுமதிச்ச கசெட்தான் எனக்கு வந்தது. மாத்தினது நான். தெரிஞ்சுதான் செய்தன்” என்றாராம். பிழையாக மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. ஆனால் பிழை என்றால் யாருடைய பிழை என்பதுதான் அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜில் பொலிஸ் பதிவுத் துண்டோடு இருக்கிறவனின் பெயர் அந்த அறையில் விழுந்தால் அவனுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்று செய்தேன் என்றதும் கேள்விகள் அவரோடு நின்றுவிட்டன.

அந்தக் கிழமையே எங்கள் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். விடிந்து சற்று நேரம், படியில் சப்பாத்துச் சத்தம். அதிகாரி கையில் ஒரு பட்டியலோடு அறை அறையாக வந்தார். பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேரை வண்டியில் ஏற்றினார்கள். என் துண்டை வாங்கிப் பட்டியலின் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். அந்த விரல் கீழே போய்ச் சேர்ந்தது, என் பெயர் இல்லை. துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அக்காவை நாடகப் பகுதியிலிருந்து எடுத்துக் கசெட் களஞ்சியத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். பெட்டிப் பெயர்களின் குட்டும் விசாரணையில் உடைந்துவிட்டது. பதின்மூன்றாம் அங்கத்தைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. மற்றப் பன்னிரண்டின் மேலும் கிரிக்கெட் பதிந்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வைத்தவர் ரீட்டா அக்கா. தொடர் மறு ஒளிபரப்பு ஆகாததற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனை வீட்டில் நேராகவே கேட்டேன். “அக்கா, உண்மையை எழுதட்டே? உங்களை வீராங்கனை எண்டுறாங்கள், எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“எனக்கும்தான்” என்று சிரித்தார். “ஆனா நான் இருக்கிறமட்டும் வேண்டாம் தம்பி. விசாரணையில பொய் சொன்னவள் எண்டு பென்சனை நிப்பாட்டிப்போடுவாங்க.” பகிடியாகத்தான் சொன்னார். பிறகு முகம் மாறி, “உங்களையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க” என்றார். இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை. தனக்காக அல்ல, எனக்காக.

அடக்கத்தில் பலர் பேசினார்கள். நான் பேசவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட இன்று என்னிடம் இல்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, அதிகாரியின் பட்டியலில் இல்லாமல் போன ஒரு பெயர். அதற்குப் பிறகு நான் திருமணம் செய்ததும், பிள்ளைகளைப் பெற்றதும், பல்லுக்கு வைத்தியம் பார்க்கிற வயதுவரை வந்ததும் அந்தப் பெயரோடுதான்.

கசெட்டை மாற்றி வைத்தவன் நான். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டும் அந்த விசாரணை அறையில் அக்கா சொல்லாத பெயர்:

வைத்திலிங்கம் பரமநாதன்
வெள்ளவத்தை