பிரிக்காத பெட்டி

சோதனைக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். சேர்ந்த புதிதில் ‘திருப்புளி’. எதைக் கொடுத்தாலும் முதலில் மூடியைக் கழற்றிவிடுவாள். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியைக்கூட ஓட்டிப் பார்க்கும் முன் பிரித்துப் பார்த்தவள். மின்னணுத் தயாரிப்பாளர் சங்கம் நடத்தும் அந்த இரண்டறைக் கூடத்தில் பதினான்கு வருடம் ரேடியோ, சார்ஜர், இஸ்திரிப்பெட்டி என்று ஒன்றுவிடாமல் வயிற்றைக் கிழித்திருக்கிறாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஐந்து நாட்டுச் சங்கங்கள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டில் சோதித்த பொருளை இன்னொரு நாட்டில் மறுபடி சோதிக்க வேண்டாம், காகிதம் போதும். திருப்புளி இழுப்பறைக்குள் போனது. கைக்கு ரப்பர் முத்திரை வந்தது. பெயரும் ‘முத்திரை அக்கா’ ஆயிற்று.

போன மாதம் ஒரு புகார்க் கடிதம். உள்ளே புகைப்படம்: கருகிய சுவர், உருகிய சார்ஜர், கட்டுப்போட்ட ஒரு கிழவரின் கை. சார்ஜரின் முதுகில் அவள் கொடுத்த முத்திரை எண்.

அன்று முதல் ஒரு ரீங்காரம் அவளை விடவில்லை. பட்டப்பகலில், பேருந்தில், குளிக்கும்போது, காதோரம் மெல்லிசாய். வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போட்டாள்.

“ஃபிரிட்ஜையும் பிடுங்கிட்டியா? பால் திரிஞ்சு கிடக்கு,” என்றான் கணவன். “இந்த வீட்டுல இப்ப கரண்ட் ஓடுறது உன் உடம்புல மட்டும்தான்.”

“உங்களுக்குக் கேக்கலையா? ங்ங்னு ஒரு சத்தம்?”

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்ததும் திரிந்த பாலைக் கொட்ட எழுந்து போனான்.

சோதனைக்கூடத்தில் அந்தச் சார்ஜரின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். ‘அயல் சங்கத்தில் சோதிக்கப்பட்டது’ என்றிருந்தது. அந்தச் சங்கத்துச் சோதனைக்காரியை அவள் நேரில் பார்த்ததில்லை; ஆனால் தொலைபேசியில் நான்கு வருடமாக அக்கா தங்கச்சி.

“அந்த சார்ஜரைப் பிரிச்சியே, உள்ள என்னடி இருந்துச்சு?”

“நான் எங்கக்கா பிரிச்சேன்? எங்க கோப்புல நீங்க சோதிச்சதாத்தானே இருக்கு.”

“இங்க நீ சோதிச்சதா இருக்கு.”



“அக்கா… அப்ப யாருதான் தொறந்து பார்த்தது?”

யாருமில்லை. தயாரித்த கம்பெனி, அங்கே சோதனை நடக்கிறது என்று இங்கேயும், இங்கே நடக்கிறது என்று அங்கேயும் சொல்லியிருக்கிறது. ஒரே வாரத்தில் இருவரும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அலமாரியின் அடித்தட்டில், நான்கு வருடமாகப் பிரிக்காமல் அடுக்கிவைத்த மாதிரிப் பெட்டிகளுக்கு நடுவே, அந்தச் சார்ஜரின் பெட்டியும் இருந்தது. ஒட்டுநாடாவில் ஒரு கீறல் இல்லை. இதே சார்ஜர் நாற்பதாயிரம் விற்றாகிவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்குக் காணொளிக் கூட்டம். ஒப்பந்தத்தில் மேலும் மூன்று சங்கங்கள் சேரவிருந்தன. பெட்டியோடு வந்து விஷயத்தைச் சொன்னவளைச் சங்கத் தலைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னிக்கா கிணறு வெட்டி பூதத்தைக் கிளப்பணும்? அடுத்த வாரம் பேசிக்கலாம்மா.”

“அது ஏற்கெனவே நாப்பதாயிரம் சுவத்துல உக்காந்திருக்கு சார். அடுத்த வாரம் வரைக்கும் சும்மா இருக்குமா?”

“உன் வேலைக்கே உலை வச்சுக்காதே.”

“குத்துனது என் கைதானே சார்.”

திரையில் மற்ற ஏழு சங்கங்களுக்கும் ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர், பின்னால் ஒரு சோதனையாளர். வரவேற்புரை முடிவதற்குள் அவள் பெட்டியைக் கேமரா முன் வைத்தாள். நாடாவைக் கிழித்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு திருப்புளி கையில் இருந்தது. கை மறக்கவில்லை; சார்ஜரின் மூடி கழன்று வந்தது.

“வீட்டுக் கரண்ட் வர்ற பக்கத்துக்கும் ஃபோனுக்குப் போற பக்கத்துக்கும் நடுவுல ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். இங்க ரெண்டுகூட இல்லை, கரண்ட் தாவிடும். இதை நான் பிரிக்காமலே முத்திரை குத்துனேன். வித்ததை எல்லாம் இன்னிக்கே திருப்பி வாங்கணும்.”

தலைவரின் கை கூட்டத்தைத் துண்டிக்கும் பொத்தானுக்கு நீண்டது.

அப்போது ஒரு கட்டத்தில் தொலைபேசித் தங்கச்சி எழுந்தாள். படத்தை விட்டு வெளியே போனாள். அடுத்த கட்டத்தில் ஒரு நரைத்தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். பிறகு இன்னொருவர். பிறகு நாலாவது ஆள். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்த நான்கு சங்கங்களின் பின்வரிசை நாற்காலிகளும் காலி.

தலைவரின் கை பாதியில் நின்றது. ஆளில்லாத அந்த அறைகளிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டுநாடா கிழிபடும் சத்தம் வரத் தொடங்கியது. நெடுநேரம் அது ஓயவில்லை.