மகளின் கடவுச்சீட்டில் என் பெயர்

மகளுக்கு இரண்டாவது கடவுச்சீட்டு எடுக்கும் பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை. நாள்களை நினைவில் வைத்திருப்பது என் பழக்கம். அன்று மாலை ஐந்து மணிக்கு முன்பே, லண்டனில் நாங்கள் இருக்கும் ரெய்னர்ஸ் லேனில் இருட்டிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமனார் பேசியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மனைவிக்குச் சேர வேண்டிய வீட்டை நேரே மகளின் பெயருக்கு எழுதிவிட அவர் தீர்மானித்திருந்தார். மனைவி அடுத்த ஆண்டு பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவிருந்தாள். அதோடு அவளுடைய இலங்கைப் பிரசாவுரிமை போய்விடும். மகளோ லண்டனில் பிறந்த பிரித்தானியப் பிரசை. வெளிநாட்டுப் பிரசையின் பெயரில் அங்கே காணி எழுதுவது பெரிய சிக்கல். தாய் வழியாக மகளுக்கும் அந்த நாட்டுப் பிரசாவுரிமை எடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்றாள் மனைவி.

"பத்து வயசுப் பிள்ளைக்கு வீடு என்னத்துக்கு?" என்றேன்.

"வீடு பிள்ளைக்கு. பயம் உங்களுக்கு," என்றாள்.

உண்மைதான். நான் வேறொருவருடைய கடவுச்சீட்டில், அவருடைய பெயரில், நாட்டைவிட்டு வெளியேறியவன். லண்டனில் இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல்லி அடைக்கலம் கேட்டேன். பிறகு திரும்பிப் போனதே இல்லை. போர் முடிந்த காலத்தில் லண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு எதிரே நடைபாதையில் பதாகையோடு நின்றவர்களில் நானும் ஒருவன். மேல்மாடி யன்னலில் திரை அசைந்தால், படம் எடுக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். உடனே எல்லோரும் தொப்பியை முன்னால் இழுத்துக்கொண்டு குனிவோம். யாரும் படமெடுத்ததை நான் கண்டதில்லை. ஆனாலும் குனிந்தேன்.

வரலாறு வாசிக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பதிவேட்டைக் கண்டாலும், அதைப் பிற்காலத்தில் யார் கையில் எடுப்பார் என்று யோசிப்பான். என் மகளின் பெயர் அப்படியொரு பதிவேட்டில் ஏறுவதை நான் விரும்பவில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். "புத்தகத்தை மூடிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்றாள்.

தூதரகத்துக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. வாசலில் என் கால்கள் நின்றுவிட்டன.

"உள்ள வர ஏலாதெண்டால் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கோ. உங்களுக்குப் பழகின இடம்தானே," என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். நான் உள்ளே போனேன்.

கவுண்டரில் இருந்த இளைஞன் தமிழன். மரியாதையானவன். மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணப் பதிவு, மனைவியின் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினான்.

"உங்கட பழைய பாஸ்போர்ட் இருக்கோ அண்ணை? இருந்தால் ஒரு கொப்பி எடுப்பம்."

"என்னட்ட இலங்கைப் பாஸ்போர்ட் ஒருநாளும் இருந்ததில்லை."

"அப்ப எப்பிடி வந்தனீங்கள்?"

சாதாரணமாகத்தான் கேட்டான். எங்கள் வீட்டில் அது பிறந்தநாள் விருந்துகளில் சொல்லிச் சிரிக்கும் கதை. மகள் அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். நான் வாய் திறக்குமுன் அவள் தொடங்கிவிட்டாள்.

"அப்பா வேற ஆளின்ர பாஸ்போர்ட்டில வந்தவர். அந்த ஆளுக்குப் பெரிய மீசை. அப்பாக்கு முளைக்கவே இல்லை. பென்சிலால கீறினவர்!"

இளைஞன் வாய்விட்டுச் சிரித்தான். "கெட்டிக்காரன்தான் உங்கட அப்பா." பிறகு திரையின் பக்கம் திரும்பி ஏதோ தட்டினான். என்ன தட்டினான் என்று என் பக்கத்திலிருந்து தெரியவில்லை. மனைவி மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

குளிர்காலம் முடியுமுன் கடவுச்சீட்டு வந்தது. திறந்து பார்த்தேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் போகும். மகளின் பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் என் பெயர் அப்படித்தான் இருந்தது. அதை நான் கவனித்ததே இல்லை. இந்தக் கடவுச்சீட்டில் அது கண்ணைக் குத்தியது. அந்த நாட்டைவிட்டு நான் கொண்டு போகாத பெயர், இப்போது அந்த நாட்டின் முத்திரையோடு என் கையில் இருந்தது.

பாடசாலை விடுமுறையில் தாயும் மகளும் புறப்பட்டார்கள். ஒருவர் தாம் போயிருக்கும் நாட்டின் பிரசையாகவும் இருந்தால் அங்கே அவருக்குப் பிரித்தானியா பெரிதாக உதவ முடியாது என்று அரசாங்க இணையதளத்தில் வாசித்திருந்தேன். ஹீத்ரோவில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "பிள்ளையின்ர பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டு."

"பிறகு இதை என்னத்துக்கு எடுத்தது? உறைக்குள்ள வைச்சுப் பாக்கவோ?"

மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசு வந்தார், வீட்டு உறுதி எழுதியாயிற்று, மகளுக்காகத் தாய் கையெழுத்து வைத்தாள் என்று செய்தி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் சுகமாகத் திரும்பினார்கள்.

விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது மகள் பின்னிருக்கையில் ஓயாமல் பேசினாள். கிணற்றடி, பூனைக்குட்டி, மாம்பழம். பிறகு சொன்னாள்:

"அங்க போய் இறங்கேக்க எயார்போட்டில பாஸ்போர்ட் பாக்கிற ஒரு மாமா நல்ல தமிழ் கதைச்சவர். என்ர பாஸ்போர்ட்டை வாசிச்சிட்டு, இது அப்பான்ர பேரோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன். அப்பா வரேல்லையோ எண்டார்."

மனைவி குறுக்கிட்டாள். "சும்மா கேட்டிருப்பார். பிள்ளையளைக் கண்டால் எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கிறது."

"அதை எழுதி வைச்சவரோ?" என்றேன்.

"கொம்பியூட்டரில ரைப் பண்ணினவர். எல்லாருக்கும் ரைப் பண்ணினவர், அப்பா."

சிவப்பு விளக்கில் நின்றோம். வீடு அவள் பெயரில் இருக்கிறது. இனி ஆண்டுதோறும் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனைவி சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்தப் பெயரை வாசிப்பார். கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பா வரேல்லையோ எண்டதுக்கு என்ன பதில் சொன்னனீ?"

"அடுத்த வருஷம் வருவார் எண்டு சொல்லிப்போட்டன். வருவீங்கள்தானே அப்பா?"