மருதமரத்து வௌவாலுக்குத் திருநீறு

சென்ற மார்கழியில் அம்பாசமுத்திரம் பக்கம் போய்வந்தேன். பாபநாசத்து அருவியில் குளிக்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். நான் போனது வௌவாலின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஈயைப் பிடிக்க! சிரிக்க வேண்டாம். கிருமிச் சோதனைச்சாலையில் கண்ணாடிச் சில்லு கழுவுகிறவனுக்கு இப்படித்தான் யாத்திரை வாய்க்கும். இருந்தாலும் அந்த ஆற்றங்கரை எனக்கு ரொம்பவே பிடித்துப்போய்விட்டது. நீங்களும் போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போன காரணம் இது. அங்கே ஓர் ஊரில் மழைக்குப் பிறகு ஒரு குளிர்காய்ச்சல் பரவியிருந்தது. கோயிலை ஒட்டிய மருதமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்குகின்றன. காய்ச்சல் அவற்றால்தான் வருகிறது, மரங்களை வெட்ட வேண்டும் என்று ஊரில் பாதிப்பேர் மனுக் கொடுத்துவிட்டார்கள். வெட்டுவதற்குமுன் பார்த்துச் சொல்லும்படி எங்கள் டாக்டருக்கு உத்தரவு. டாக்டர் புறப்பட்டால் மைக்ராஸ்கோப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் புறப்பட வேண்டும்.

சென்னையிலிருந்து ரயிலில் திருநெல்வேலி. டவுணில் ஓர் இரவு தங்கினோம். அல்வாவை வாயில் போடுமுன் கையை இரண்டு தரம் கழுவச் சொன்னார் டாக்டர். அதற்குள் அது ஆறிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. காலை ரயிலில் அம்பாசமுத்திரம் இருபத்திரண்டு மைல். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் வண்டி பாலத்தின்மேல் ஆற்றைக் கடக்கும். அப்போது ஜன்னல் ஓரமாக இருந்துகொள்ளுங்கள். இறங்கியதும் அந்த ஊருக்கு மாட்டுவண்டியில் மூன்று மைல், வாடகை எட்டணா.

வண்டிக்காரர் இசக்கி எங்கள் பெட்டிகளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"துப்பாக்கி கொண்டாந்திருக்கியளா?"

"இல்லை அண்ணாச்சி. ஏன்?"

"நல்லதாப் போச்சு. அங்கன வெடிச்சத்தமே ஆகாது. தீவாளிக்கே நாங்க வெடி போடமாட்டோம். வௌவாலு மிரண்டு போயிருமுல்லா?"

மரங்களைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கிளைக்குக் கிளை கறுப்புத் துணி காயப்போட்டது போல வௌவால்கள். கீழே ஆற்றில் தெளிந்த தண்ணீர். நாற்றத்துக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

கோயில் பூசாரி சுடலைமுத்துதான் அந்த மரங்களுக்குக் காவல். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மனிதர் எங்களை நேரே தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். பாயில் அவர் மகள் ஆவுடை போர்த்திக்கொண்டு நடுங்கிக்கிடந்தாள். வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் அவர் பேசினார்.

"ஐயா, அதுவ சாமியோட பிள்ளைய. இது என் பிள்ளை. வௌவாலுதாம் இவளுக்குக் காய்ச்சல் கொடுக்குன்னு நீங்க பாத்துச் சொன்னா, மொத வெட்டு நான் வெட்டுதேன். ஆனா சும்மா சொல்லிராதிய. ஒண்ணைக்கூடக் கொல்லவும் விடமாட்டேன்."

டாக்டர் ஆவுடையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் கண்ட மற்ற வீடுகளிலும் அப்படியே. அன்று சாயங்காலம் பக்கத்துக் கொய்யாத் தோப்பில் வலை கட்டினோம். காலையில் ஒரு வௌவால் சிக்கியிருந்தது. டாக்டர் அதைத் தடித்த துணியில் சுற்றிப் பிடித்து, இறக்கையில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தார். அது வரைக்கும் சரி. ஆனால் வௌவாலின் கிருமியை மனிதருக்குக் கொண்டுவருவது அதன்மேல் ஒட்டியிருக்கும் ஈயா என்று பார்க்க ஈயும் வேண்டும். அதுதான் வரவில்லை. வௌவால் ஈக்கு இறக்கை கிடையாது. பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். ரோமத்துக்குள் அது ஓடி ஒளிய, இடுக்கியும் கையுமாக நான் துரத்த, வௌவால் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்ட, எனக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பூசாரியால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, எப்படி நடுங்குது பாருங்க!" என்று மடியிலிருந்து திருநீற்றை அள்ளி, காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குப் போடுவது போலவே, அதன் தலையிலும் கழுத்திலும் தூவி ஊதிவிட்டார்.

"என்ன ஐயா இது! எல்லாம் பாழ்!" என்று கத்திவிட்டேன்.

"பேசாமல் இரும்" என்றார் டாக்டர். "அங்கே பாரும்."

சாம்பல் பட்ட ஈக்கள் ரோமத்தை விட்டு வெளியே ஓடிவந்துகொண்டிருந்தன. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியின்மேல் நான்கு விழுந்தன. அப்படியே குப்பியில் தள்ளி மூடினேன். சுற்றிய துணியை அவிழ்த்ததும் வௌவால், நெற்றி நிறைய நீறோடு, மருதமரத்தைப் பார்த்துப் பறந்தது.

பிறகு ரத்தம் தடவிய சில்லுகளில் சாயம் ஏற்றி, கோயில் முற்றத்து வெயிலில் மைக்ராஸ்கோப்பை வைத்தோம். பூசாரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வௌவால் ரத்தத்தில் பொடிப்பொடியாய்க் குச்சிபோன்ற கிருமிகள் இருந்தன. நசுக்கிப் பார்த்த ஈயின் குடலிலும் அதே மாதிரிக் குச்சிகள். மரங்கள் போச்சு என்று நினைத்தேன். டாக்டர் ஆவுடையின் சில்லை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அதில் குச்சி ஒன்றுகூட இல்லை. இருந்தது கொசு கொடுக்கும் மலேரியா என்ற முறைக்காய்ச்சலின் கிருமி. காய்ச்சலில் கிடந்த மற்ற வீட்டுக்காரர்களின் ரத்தத்திலும் அதேதான்.

"மரத்தை வெட்ட வேண்டாம்" என்றார் டாக்டர். "உங்கள் வீட்டுக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறதே வாய்க்கால், அதை வெட்டிவிடுங்கள்."

பூசாரி தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆவுடைக்குக் கொயினா மருந்து கொடுத்தோம். நாங்கள் புறப்படுமுன் ஆவுடை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எனக்கு அருவியில் குளிப்பதைவிட அதுதான் குளிர்ச்சி.

போகிறவர்களுக்கு: மழை ஓய்ந்தபின் போங்கள். கொசுவலையும் கொயினாவும் கட்டாயம். வௌவாலை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள், அது கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். மருதமரத்தடியில் குடை பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போனால் தெரியும்.

வண்டி ஏறும்போது பூசாரி டாக்டரிடம் பைய வந்து கேட்டார்.

"ஐயா, வௌவாலு ரத்தத்துலயும் ஏதோ கிருமி இருக்குன்னியளே. அதுக்குக் காய்ச்சல் அடிக்காதா?"

"தெரியவில்லை. அடித்தாலும் அது யாரிடம் சொல்லும்?" என்றார் டாக்டர்.

பூசாரி என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பம் நான் நீறு போட்டது சரிதாம். நீரு என்னமோ சத்தம் போட்டீரே வே!"