முள் பாதிக்கு மேல் நின்றது

அப்பா முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபேக்டரியில், தூள் சலித்தவர். கடைசியில் அந்தத் தூளே நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது என்றார் டாக்டர். நான் அதே ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிறவன். அதனால் டவுன் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே ஓர் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் எனக்கு முதலில் வந்தது பயமல்ல, வேடிக்கை பார்க்கும் ஆசை.

சிலிண்டரின் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் ஒரு முள். குழாய் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் போய், குமிழ் குமிழாய்க் கிளம்பி, அப்பாவின் மூக்கையும் வாயையும் மூடியிருந்த ரப்பர் மூடிக்கு வந்தது. காற்றை ஏன் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்? காய்ந்த காற்று தொண்டையை அறுக்குமாம். நர்ஸம்மாவை நச்சரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க அப்பாவப் பாக்க வந்தீங்களா, மெஷின் பாக்க வந்தீங்களா?" என்றார் அவர்.

அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன்தானே நான். அவரும் மூடியை விலக்கிக்கொண்டு, "இது எந்த ஊருக் காத்துடா?" என்று கேட்டார்.

"கொழும்புலருந்து வருதுப்பா."

"நம்ம மலையில இல்லாத காத்தா?" என்று முகம் சுளித்தார்.

மறுநாள் காலை, ராகலையில் வாழ்க்கைப்பட்ட அக்கா பஸ் பிடித்து வந்தாள். கையில் பால் டம்ளர். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில், மூச்சு இழுக்கிறவருக்கு உயிர் இருக்கும்போதே பிள்ளைகள் வாயில் பால் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் விட்ட பிள்ளைக்கு ஆயுசுக்கும் மனசு ஆறாது. அவள் மூடியைத் தூக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பால் நெஞ்சுக்குள்ள போனா அடைச்சிக்கும்க்கா."

"அப்பா நாக்கு வறண்டே போகணுமாடா?"

"முள்ளு பாதிக்கு மேல நிக்கிது. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய உக்காருக்கா."

பாவம், சொன்னபடி வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் முள் சரியாக நின்றால் எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம்.

மத்தியானம் நர்ஸம்மா என் தோளைத் தொட்டார். "தம்பி, அவரு முகத்தப் பாருங்க."

போத்தலில் குமிழ் வந்துகொண்டேயிருந்தது. முள்ளும் இறங்கவில்லை. அப்பாவின் நெஞ்சு மட்டும் ஏறவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டு, நானே மூடியைக் கழற்றினேன். அவள் ஊற்றிய பால் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"நீயும் ஊத்துடா" என்றாள்.