கனடாவிலிருந்து வந்த குறூவர்

நாரந்தனையில் சிவரூபியின் தோல்பைகளைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதே மரியாதை என்று நினைக்கிறார்கள்.

நகரத்தில் பயிற்சி எடுத்து வந்தவள், வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் மேசை போட்டாள். தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது தாய் அன்னபூரணத்தின் கட்டளை. ஆட்டுத்தோலில் கைப்பை தைப்பாள். நூல் கொஞ்சம் பதிந்திருந்தால்தான் தேயாது. அதற்காகப் பள்ளிக்கூடக் கவராயத்தின் கூர்முனையை மழுக்கி, ஈரத்தோலில் அழுத்திக் கோடு போடுவாள். கோடு பதியும், தோல் வெட்டுப்படாது. கைதான் விண்விண் என்று வலிக்கும்.

கடைக்காரர் தம்பிஐயா, அவள் மாதிரிக்குத் தைத்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாயிருக்குப் பிள்ளை. நீர் இப்பிடியே தருவீரெண்டால் நான் தொடர்ந்து எடுப்பன்."

கலியாணப் பேச்சுக் குழம்பிய பிறகு, அண்ணனிடம் கையேந்தாமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. கை வலிக்குத்தான் கனடாவிலிருந்த அண்ணன் துஷ்யந்தனிடம் ஒரு குறூவர் கேட்டாள். தையல் ஓடும் இடத்தில் தோலை இழையாகச் சீவியெடுத்துப் பள்ளமாக்கும் கருவி. சின்னக் கூருள்ளதாக, ஆழத்தைக் குறைக்கக்கூடியதாக வேண்டும் என்று விளக்கியும் சொன்னாள்.

வந்தது பித்தளைப் பூண் போட்ட பெரிய சாமான். துண்டுத்தோலில் இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்தாள். பள்ளத்தின் அடியில் வெளிச்சம் கசிந்தது.

"அம்மா, இது தடிச்ச தோலுக்குரியது. ஆட்டுத்தோலுக்கு ஏலாது."

"இருக்கிறதுக்குள்ள திறமானதெண்டு கேட்டு வாங்கினவனாம். உனக்கு அந்தத் துருப்பிடிச்ச கவராயமோ திறம்?"

அன்று பின்னேரம் அண்ணன் வீடியோவில் வந்தான்.

"எங்க, கீறிக் காட்டு பாப்பம்."

"அண்ணை, ஆழமாப் போகுது..."

"சாமானில பிழையில்லை. உன்ர கையிலதான் பிழை. மெல்லப் பிடி."

அவள் கீறிய காட்சியை அவன் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். 'முதலாளியம்மா, எங்களுக்கும் ஒரு பை' என்று லண்டன் சித்தப்பா பகிடி எழுதினார். மற்றவர்கள் கைதட்டல் படம் போட்டார்கள். இனிக் கவராயத்தைத் தொட்டால் அது அண்ணனைச் சபையில் வைத்து அவமதிப்பது. தாய் கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். சிவரூபி எல்லாப் பைகளையும் குறூவராலேயே கீறினாள்.

பைகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த சனம் தம்பிஐயாவின் கடையில் நன்றாக வாங்கியது. திருவிழா முடிய ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல, தையல் கோடு வழியே கிழிந்து.

"மாதிரிக்குக் காட்டினது ஒண்டு, தந்தது வேறொண்டு" என்றார் தம்பிஐயா. "இனி வேண்டாம் பிள்ளை. நான் வேற ஆளைப் பிடிச்சிட்டன்."

கருவியில்தான் பிழை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. வீட்டுக் கதையைக் கடையில் வைக்க மனம் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் கோபிக்கவேயில்லை.

"நான் முந்தியே நினைச்சனான். தோல் வேலை எங்கட ஆக்களுக்குச் சரிவராது. சும்மா இரு, நான் காசு அனுப்புறன்தானே."

"பாவம், அவன் எவ்வளவு ஆசையா அனுப்பினவன்" என்று தாய் பக்கத்திலிருந்து பெருமூச்சு விட்டாள்.

குறூவர் இப்போது விறாந்தையிலுள்ள கண்ணாடி அலுமாரியில், வெளிநாட்டு வாசனைப் போத்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அன்னபூரணம் அதைக் காட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துத் தூசி துடைத்து வைப்பது சிவரூபியின் வேலை.